வீட்டைக் கடையாக மாற்ற எவ்வளவு ஆகும்? சதுர அடி ரேட்டை நம்பலாமா?

#1 பழையவீடு

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர் கட்டிய வீடு இப்போது காலியாக இருக்கிறது. தரைத்தளம், முதல் தளம், ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி (30 × 40 அடி). கட்டி 30 வருடம் இருக்கும். காலம் (கான்கிரீட் தூண்) கிடையாது; 9 அங்குலச் செங்கல் சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது, மேலே கான்கிரீட் ஸ்லாப். பேஸ்மட்டம் தெருவிலிருந்து 60 செ.மீ. உயரம். சாலை அகலமாகிவிட்டதால் அக்கம்பக்கமெல்லாம் கடைகள். நானும் வணிகக் கட்டடமாக மாற்றி வாடகைக்கு விடலாம் என்று பார்க்கிறேன்.

காண்ட்ராக்டர் ஒருவர் வந்து கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டாகச் சொன்னார். இதே வீட்டை இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவில் கால் பங்கு வருகிறது. இது சரியா, குறைவா, அதிகமா?

இங்கே இருப்பவர்கள் பல ஊர், பல நாடு. அதனால் பணத்தொகை எழுதாமல், புதிதாகக் கட்டும் செலவை 100 என்று வைத்து அதில் எத்தனை பங்கு என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். காண்ட்ராக்டர் சொன்னது 25.


#2 மட்டப்பலகை

25 தாராளம். சுவர், கூரை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே. டைல்ஸ், பெயின்ட், முன்பக்கம் ஷட்டர், நாலு லைட். என் சித்தப்பா வீட்டில் அதைவிடக் குறைவாகவே முடிந்தது. ரொம்ப யோசிக்காதீர்கள்.


#3 தூக்குக்குண்டு

மட்டப்பலகை சொல்வது வீட்டைப் புதுப்பிக்கும் செலவு. கேள்வி அதுவல்ல. புதுப்பித்தால் அது வீடாகவே இருக்கும். இங்கே கட்டடத்தின் பயன்பாடே மாறுகிறது. பயன்பாடு மாறினால் விதிகளும் மாறும். நேற்று வரை வீடு என்பதால் யாரும் கேட்காத ஏழெட்டு விஷயங்களை நாளை கேட்பார்கள்: தரை எவ்வளவு எடை தாங்கும், தீப்பிடித்தால் எத்தனை வழியில் வெளியேறலாம், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைய முடியுமா, வண்டி எங்கே நிற்கும். பணம் போகும் இடம் இவைதான். டைல்ஸ் கடைசியில் வரும்.

அதனால் 25 சரியா என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. உள்ளே என்ன வரப்போகிறது? 'கடை' என்றால் போதாது. துணிக்கடைக்கும் உணவகத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மருத்துவருக்கும் ஒரே வீட்டில் ஒரே செலவு ஆகாது. உணவகம் என்றால் புகைபோக்கிக் குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோக வேண்டும், கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும். பல் மருத்துவர் என்றால் ஒவ்வொரு நாற்காலிக்கும் தரைக்கடியில் தண்ணீரும் கழிவுக் குழாயும் போக வேண்டும். துணிக்கடைக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவது பெரும்பாலான நாடுகளில் வழக்கம் (பொறியாளர் பாஷையில் 2 கிலோநியூட்டன்). கடைத் தளத்துக்கு 400 முதல் 500 கிலோ வரை கேட்பார்கள். சரக்கு அடுக்கும் இடம், நூலக அடுக்கறை என்றால் இன்னும் மேலே போகும். அமெரிக்காவில் நூலக அடுக்கறைக்குச் சதுர அடிக்கு 150 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு 730 கிலோ. உங்கள் மேல்தளத்தில் யார் உட்காரப் போகிறார்கள், என்ன வைக்கப் போகிறார்கள்?


#4 ரசமட்டம்

இருபத்தைந்து வருடமாக சைட்டில் நிற்கிறவன் நான். கால் மணி நேரத்தில் சொன்ன ரேட்டைக் கேட்டாலே எனக்குப் பயம். புதுக் கட்டடத்துக்குச் சதுர அடி ரேட் ஓரளவு பொருந்தும், ஏனென்றால் எல்லாமே கண்முன் கட்டப்படுகிறது. பழைய வீட்டில் ஒரு அறையில் ஒரு வேலையும் இருக்காது, அடுத்த அறையைத் தொட்டால் பணம் போய்க்கொண்டே இருக்கும். இதைச் சதுர அடியால் வகுத்து என்ன பயன்?

அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், எதெல்லாம் அடங்காது என்றும் எழுதி வாங்குங்கள். பின்னால் எல்லாச் சண்டையும் அந்த இரண்டாவது தாளில்தான் வரும்.


#5 பழையவீடு

கேட்டேன். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தரைக்கு டைல்ஸ், உள்ளும் புறமும் பெயின்ட், முன்பக்கம் இரண்டு ஷட்டர், கூடத்துக்கும் பக்கத்துப் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுப்பது, குளியலறைகளில் பழுது பார்ப்பது, 'மின்சார வேலை, தேவைக்கேற்ப'. அவ்வளவுதான். அடங்காதவை என்ன என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு "பார்த்துக்கலாம் சார்" என்றார்.

யார் வருகிறார்கள் என்றால், கீழே துணிக்கடை, மேலே ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். இரண்டு பேரும் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார்கள். தணிக்கை அலுவலகக்காரர் மேல்தளப் பின்னறை முழுக்க அலமாரி போட்டுப் பழைய கோப்புகளை வைக்க வேண்டும் என்கிறார். வெறும் காகிதம்தானே, பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.


#6 தூக்குக்குண்டு

வெறும் காகிதமா! கட்டடத்துக்குள் மனிதர்கள் தூக்கி வரும் பொருள்களிலேயே மோசமானது அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 காகிதக் கட்டு ஒன்று, 500 தாள், 80 ஜிஎஸ்எம்: எடை இரண்டரை கிலோ, கனம் சுமார் 5 செ.மீ. ஒரு மீட்டர் நீளத் தட்டில் இருபது கட்டு நிற்கும், ஆக 50 கிலோ. கோப்புகள் இவ்வளவு இறுக்கமாக இருக்காது, 33 என்று வையுங்கள். ஆறு தட்டு அலமாரிக்கு 200 கிலோ. அந்த ஒரு மீட்டர் அலமாரிக்கு ஆழம் 30 செ.மீ., முன்னால் நடக்கும் வழியில் அதன் பங்கு 45 செ.மீ., மொத்தம் முக்கால் சதுர மீட்டர். 200-ஐ 0.75-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 267 கிலோ. உங்கள் ஸ்லாப் 200-க்குப் போட்டது. அலமாரியின் இரும்பு எடை, நடுவில் நிற்கும் ஆள் எல்லாம் இதில் இல்லை. இறுக்கி அடைத்தால் 400-ஐத் தொடும்.

ஸ்லாப்புக்கு அடியில் இரும்பு பீம் கொடுத்து வலுப்படுத்தலாம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு சும்மா யோசனை: கோப்புகளைத் தரைத்தளப் பின்னறையில் வைக்கச் சொல்லுங்கள். கீழே மண் தாங்குகிறது. நிரப்பு மண் சரியாக இறுகாமல் இருந்தால் தரை கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்; யார் தலையிலும் விழாது. தணிக்கைக்காரருக்குக் கீழே ஒரு அறை, துணிக்கடைக்கு ஒரு அறை குறைவு. செலவு பூஜ்யம். எஸ்டிமேட்டில் பெரிய மிச்சமெல்லாம் இப்படி வரைபடத்தில்தான் கிடைக்கும். சிமெண்டு விலையைப் பேரம் பேசுவதில் கிடைக்காது.

அடுத்து அந்தச் சுவர். காண்ட்ராக்டர் அதை டைல்ஸோடு ஒரே வரியில் எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தச் சுவரின் நீளம் என்ன? அதற்கு நேர் மேலே முதல் தளத்திலும் சுவர் இருக்கிறதா?


#7 பழையவீடு

நீளம் 4.5 மீட்டர். மேலேயும் அதே இடத்தில் சுவர் இருக்கிறது.


#8 தூக்குக்குண்டு

அப்படியானால் தோராயமாக: மேலே உள்ள 9 அங்குலச் சுவர், 3 மீட்டர் உயரத்துக்கு, மீட்டருக்கு 1.3 டன். முதல் தள ஸ்லாப், மொட்டைமாடி ஸ்லாப் இரண்டும் இந்தச் சுவருக்கு இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் சாய்ந்திருந்தால், ஒவ்வொன்றும் மீட்டருக்கு 2.3 டன்னுக்குக் குறையாது. மொத்தம் மீட்டருக்கு 6 டன், 4.5 மீட்டருக்கு 27 டன். இந்த எடை இப்போது சுவர் முழுக்கப் பரவி அஸ்திவாரத்துக்குப் போகிறது. சுவரை எடுத்து பீம் போட்டால் இரண்டு முனைகளிலும் ஆளுக்குப் பதின்மூன்றரை டன் வந்து உட்காரும். அந்த இடத்தில் அஸ்திவாரம் அதற்குத் தயாராக இல்லை என்றால் புதிதாகக் குழி தோண்டி மேடை போட வேண்டும். வேலை நடக்கும் நாள் முழுக்க மேல் எடையைத் தாங்க இருபுறமும் ஜாக்கி (தற்காலிக முட்டுக்கொடுப்பு) நிற்க வேண்டும், தரைத்தளத்தில் வேறு எந்த வேலையும் நடக்காது.

இது 'சுவர் எடுப்பது' இல்லை. எஸ்டிமேட்டில் தனித் தலைப்பு. வடிவமைப்பு, ஜாக்கி, பீம், முனைத் தூண், அஸ்திவாரம், மேல் சுவருக்கும் பீமுக்கும் நடுவே இறுக்கிக் கலவை அடைப்பது, அப்புறம் இடிபாட்டை அப்புறப்படுத்துவது. அந்தச் சுவர் மட்டும் 3 கன மீட்டர், 6 டன். உடைத்தால் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும்.


#9 இடிச்சுக்கட்டு

இவ்வளவு பேச்சு எதற்கு? இடித்துவிட்டுக் கட்டுங்கள். மாற்றும் செலவு பாதியைத் தாண்டினால் புதிதாகக் கட்டுவதே புத்திசாலித்தனம். காலம் போட்டுக் கட்டினால் உள்ளே சுவரே வேண்டாம், இன்னும் இரண்டு மாடி ஏற்றலாம்.


#10 கணக்குநோட்டு

இடிச்சுக்கட்டு சாரின் பெயரே பதிலாகிவிட்டது :)

எல்லா இடத்திலும் அது செல்லாது. பழைய வீடு அன்றைய விதிப்படி மனையின் ஓரம் வரை கட்டப்பட்டிருக்கும். இடித்தால் இன்றைய விதிப்படி நாலு பக்கமும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். ஒரு காரை நிறுத்த இரண்டரைக்கு ஐந்து மீட்டர் போதும். ஆனால் உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் காருக்கு 25 சதுர மீட்டருக்குக் குறையாது. நாலு கார் என்றால் 100 சதுர மீட்டர், அவருடைய ஒரு தளத்தின் அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இடித்துக் கட்டி ஏற்கெனவே இருந்ததைவிடச் சின்னக் கட்டடத்தோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், பயன்பாட்டை மாற்றினாலும் பழைய சலுகை போய்விடும் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

அப்புறம் வீட்டின் மேல் கடன் இருக்கிறதா? வீட்டுக் கடன் என்று கொடுத்தவர்களிடம் சொல்லாமல் கடையாக மாற்றினால் ஒப்பந்தத்தை மீறியதாகும். காப்பீடும் அப்படித்தான். வீடு என்று எடுத்த காப்பீட்டில் கடை எரிந்தால், பணம் தர மறுக்க அந்த ஒரு காரணம் போதும்.


#11 மூன்றுஃபேஸ்

'மின்சார வேலை, தேவைக்கேற்ப' என்ற வரியைப் படித்துச் சிரித்தேன். என் தொழில் அது.

உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு 5 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது கணக்கு: ஒன்றரை டன் ஏசி ஆறு, ஒவ்வொன்றும் 1.6 கிலோவாட் இழுத்தால் 9.6. விளக்கு, சதுர மீட்டருக்கு 10 வாட் வீதம் 2.2. பத்து கணினிக்கு 1.5. தண்ணீர் மோட்டார், சில்லறைச் சாமான் என்று ஒன்றரை. மொத்தம் 15-க்குப் பக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, 12 என்று எடுத்தாலும் 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். பழைய மெயின் வயர் அதற்கு உருகும். த்ரீ ஃபேஸ் இணைப்பு, புது மெயின் போர்டு, இரண்டு வாடகைதாரருக்கும் தனித்தனி மீட்டர், மீட்டரிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் புதுக் கேபிள், நல்ல எர்த்திங், ஆள்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர்.

30 வருட வீட்டில் பழைய வயரை வைத்துக்கொண்டு கொஞ்சம் மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். பாதி பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பியே இருக்காது. என் கணக்கில் உங்கள் வீட்டுக்கு மின்சாரம் மட்டும் 8 பங்கு, மின் நிறுவனத்துக்குக் கட்டும் தொகை தனி. தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லை என்றால் அந்தச் செலவிலும் பங்கு கேட்கலாம். அதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.


#12 மட்டப்பலகை

சரி, என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். சித்தப்பா வீட்டில் ஏசி கிடையாது, மாடியும் கிடையாது, அனுமதியும்... வாங்கவில்லை.


#13 கடைவாடகை

வாடகைக்கு இருப்பவன் பக்கமிருந்து ஒரு வார்த்தை. தயவுசெய்து டைல்ஸ் போடாதீர்கள்! என் துணிக்கடைக்கு இடம் பிடித்தபோது உரிமையாளர் ஆசையாகப் பளபள டைல்ஸ், பொய்க்கூரை எல்லாம் போட்டு வைத்திருந்தார். எங்களுக்கென்று ஒரு நிறம், விளக்கு அமைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டு எங்கள் செலவில் மறுபடி போட்டோம். அவருக்கு வலித்திருக்கும்.

உரிமையாளர் செய்ய வேண்டியது கட்டடத்தோடு போகும் வேலைகள்: கூரை ஒழுகாமல் இருப்பது, மின் இணைப்பு, கழிவறை, சாய்தளம், படி, அனுமதி. தரை, கூரை அலங்காரம், தடுப்பு, ஏசி எல்லாம் வருகிறவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாக இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தால் போதும், மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவோம்.


#14 ரசமட்டம்

கடைவாடகை சொன்னது தங்கம். இப்போது நான் சாய்தளத்துக்கு வருகிறேன், இதை யாரும் தொடவில்லை.

பேஸ்மட்டம் 60 செ.மீ. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, அதாவது 7.2 மீட்டர் ஓட்டம். மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 10.2 மீட்டர். முன்வாசலில் எவ்வளவு இடம் இருக்கிறது? நாலைந்து மீட்டர்தான் இருக்கும், இல்லையா? மடக்கிப் போட்டாலும் 6.6 மீட்டர் வேண்டும். ஆகவே முன்னால் வராது. பக்கவாட்டில் பாருங்கள். 40 அடிச் சுவர் 12.2 மீட்டர், 10.2 அழகாக உட்காரும். அந்தப் பக்கம் ஏதாவது ஜன்னலைக் கதவாக்கிவிடலாம். ஜன்னலுக்கு மேல் லிண்டல் (மேல்சுவரைத் தாங்கும் குறுக்கு பீம்) ஏற்கெனவே இருக்கிறது, அகலம் 1.2 மீட்டர் என்றால் ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் அறுத்தால் கதவு தயார். பீம் வேண்டாம், ஜாக்கி வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த நினைத்திருந்தால் அது போச்சு. இரண்டில் ஒன்றுதான்.

கழிவறையை இருக்கிற இடத்திலேயே வையுங்கள். இன்னொரு மூலைக்கு 6 மீட்டர் நகர்த்தினால் நாற்பதுக்கு ஒன்று சரிவில் குழாய் 15 செ.மீ. இறங்க வேண்டும், மேல்தளத்தில் அதற்குத் தரையையே தூக்க வேண்டி வரும். குளியலறைகள் படுக்கையறைக்குள் இருக்கும், அதைப் பொதுவழிப் பக்கம் கதவு திருப்பினால் போதும். ஒன்றையாவது சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குப் பெரிதாக்குங்கள், ஒன்றரை மீட்டர் வட்டம் உள்ளே வர வேண்டும்.

மாடிப்படி எங்கே இருக்கிறது?


#15 பழையவீடு

கூடத்தின் நடுவில். அகலம் 90 செ.மீ.

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.


#16 தூக்குக்குண்டு

விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அளந்து பார்த்துவிட்டு விடுங்கள். கூடத்தின் நடுவில் படி என்றால் தணிக்கை அலுவலகத்துக்குப் போகிறவர் துணிக்கடைக்குள் நுழைந்துதான் மேலே போக வேண்டும். அதோடு கீழே தீப்பிடித்தால் புகை அந்தப் படி வழியாகத்தான் மேலே ஏறும், மேலிருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. எனவே வெளியே ஒரு இரும்புப் படி. தெருவிலிருந்து மேல்தளம் 3.8 மீட்டர் என்றால் 16 செ.மீ. வீதம் 24 படி, நேராகப் போட்டால் 6.4 மீட்டர் ஓடும். பின்பக்கம் இடம் இருந்தால் நடுவில் ஒரு திருப்பம். உள்படியைத் தீ தாங்கும் சுவராலும் கதவாலும் அடைத்து வைக்கலாம், அல்லது அந்த ஓட்டையை ஸ்லாப்பால் மூடிவிட்டுத் தரைத்தளத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் உங்கள் ஊர் விதி மேல்தளத்துக்கு இரண்டு வழி கேட்டால் மூட முடியாது.

முதலில் செலவழிக்க வேண்டியது மூன்று பங்குதான். உள்ளபடி வரைபடம், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் பரிசோதனை (கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி, கான்கிரீட் மேல் சுத்தியல் சோதனை, இரண்டு இடத்தில் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பது), அனுமதி விண்ணப்பம். இதைச் செய்த பிறகு திட்டத்தைக் கைவிட்டாலும் உங்கள் இழப்பு 3. செய்யாமல் சுவரை உடைத்த பிறகு கைவிட்டால்?


#17 கணக்குநோட்டு

அந்தக் கேள்விக்கு என் அனுபவமே பதில். என் மாமனார் வீட்டின் முன்பாதியை ஒரு கிளினிக்குக்கு விடப்போகிறோம் என்று முதலில் வாடகை ஒப்பந்தம் போட்டார், பிறகு வேலையை ஆரம்பித்தார், பிறகுதான் அனுமதிக்கு விண்ணப்பித்தார். அப்படியே தலைகீழ். வாகன நிறுத்தம் போதாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வேலை நின்றது, ஒப்பந்தப்படி நாள் தள்ளிப்போனதற்கு அவர்தான் ஈடு கட்டினார். கடைசியில் பின்தோட்டத்தை அழித்து மூன்று வண்டிக்கு இடம் காட்டி வாங்கினோம். அந்த எட்டு மாதமும் உள்ளே யாரும் இல்லை, வாடகையும் இல்லை. எஸ்டிமேட் தாளில் 'காத்திருக்கும் மாதங்கள்' என்று ஒரு வரி போட்டு வையுங்கள். யாரும் போடுவதில்லை.


#18 பழையவீடு

ஏழு வாரம் கழித்து வருகிறேன். பொறியாளர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இழையைத் தொடர்ந்தவர்களுக்கு நன்றிக்கடனாக முழுக் கணக்கும் எழுதுகிறேன்.

நான் கேட்டபடியே எல்லாம் செய்தால்: வரைபடம், பரிசோதனை, கட்டணம் 3. சுவர் திறப்பு, பீம், இரண்டு அஸ்திவார மேடை 6. சாய்தளமும் பக்கக் கதவும் 3. வெளிப்படி 5. மின்சாரம் 8 (மூன்றுஃபேஸ் சொன்ன அதே எண்!). கழிவறை, குழாய் 6. தீத்தடுப்புக் கதவு, அலாரம், அணைப்பான் 2. முன்பக்கக் கண்ணாடி, ஷட்டர் 4. தரை, பூச்சு, பெயின்ட் 7. கூட்டினால் 44. எதிர்பாராததற்கு 18 சதவீதம் வைக்கச் சொன்னார், 7.9. ஆக 52-க்குப் பக்கம். காண்ட்ராக்டர் சொன்ன 25 எங்கே, இது எங்கே.

பிறகு வெட்ட உட்கார்ந்தோம். துணிக்கடைக்காரரிடம் கேட்டால் அந்தச் சுவர் இருந்தால் அவருக்கு ஒன்றும் கெட்டுப்போகாதாம். அலமாரி நிறுத்தச் சுவர் வேண்டும் என்கிறார்! 6 போயிற்று. தரை, பெயின்ட்டை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், 7 போயிற்று. மீதி 31, அதே 18 சதவீதம் சேர்த்தால் 36.6. கோப்புகள் கீழே பின்னறைக்கு வருகின்றன, தணிக்கைக்காரர் முதலில் முகம் சுளித்தார், எடைக் கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

மோசமான செய்தி: மேல்தளக் குளியலறைக்கு அடியில் ஸ்லாப் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உப்பியிருக்கிறது. பூச்சைத் தட்டியபோதுதான் தெரிந்தது.


#19 இடிச்சுக்கட்டு

18 சதவீதம் ரொம்ப அதிகம். பத்து போதும். கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் காண்ட்ராக்டர் அதையும் சேர்த்தே தின்பார்.


#20 ரசமட்டம்

புதுக் கட்டடத்துக்குப் பத்து, ஒத்துக்கொள்கிறேன். இங்கே பூச்சைத் தட்டிய முதல் இடத்திலேயே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இன்னும் தட்டாத இடம் எத்தனை? அந்தத் தொகையைக் காண்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? அது உங்கள் கைக்கணக்கில் இருக்கட்டும். அவரிடம் கொடுப்பது அளவுப் பட்டியல் மட்டும்: இத்தனை மீட்டர் கேபிள், இத்தனை சதுர மீட்டர் பூச்சு, இத்தனை கதவு. மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து ரேட் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். ஸ்லாப் பழுதுக்கு மட்டும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் வாங்கி வையுங்கள், எத்தனை மீட்டர் என்பது திறந்து பார்த்த பிறகு.


#21 கணக்குநோட்டு

36.6 சரி. அது திரும்பி வர எத்தனை வருடம் என்று பார்த்தீர்களா? வீடாக விட்டால் வரும் வாடகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மொத்தக் கடை வாடகையையும் லாபம் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் தப்பு.

உதாரணத்துக்கு, வீடாக விட்டால் வருடத்துக்கு 3 பங்கு, கடையாக விட்டால் 8, வணிகக் கட்டடம் என்பதால் கூடும் சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு 1. நிகரமாகக் கூடுவது 4. 36.6-ஐ வகுத்தால் ஒன்பது வருடம். இப்போது வருடத்துக்குச் சராசரியாக இரண்டு மாதம் காலியாகக் கிடக்கிறது என்று வையுங்கள். 8 என்பது 6.7 ஆகும், கூடுவது 2.7. பதின்மூன்றரை வருடம். வட்டி இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.


#22 பழையவீடு

போட்டேன். காலி மாதத்தோடு பதினொன்று வருகிறது. என் மனைவி "வீடாக விட்டால் அந்தத் துருப்பிடித்த ஸ்லாப்பை யார் சரி செய்வார்?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான், பழுது எப்படியும் என் தலையில். அதைக் கழித்தால் பத்துக்குக் கீழே வருகிறது.

இரண்டு கட்டமாகச் செய்யப்போகிறோம். முதலில் ஸ்லாப் பழுது, மின்சாரம், சாய்தளம், தரைத்தளம். துணிக்கடை வாடகை வர ஆரம்பித்ததும் வெளிப்படியும் மேல்தளமும். தணிக்கைக்காரர் ஆறு மாதம் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார். அனுமதி விண்ணப்பம் இரண்டு தளத்துக்கும் சேர்த்தே கொடுத்தாயிற்று. அது கையில் வரும் வரை யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை, கணக்குநோட்டு சாரின் மாமனாருக்கு நன்றி.

ரசமட்டம் அண்ணா, ஒரு சந்தேகம். கதவாக்கப் போகும் ஜன்னல் 1.2 மீட்டர் அகலம்தான், லிண்டலும் இருக்கிறது. ஆனால் லிண்டலின் அடிப்பகுதி உள்தரையிலிருந்து 2.1 மீட்டர்தான். புதுத் தரை போட்டால் இன்னும் 5 செ.மீ. குறையும். போதுமா?


#23 ரசமட்டம்

நிலைச்சட்டம் 6 செ.மீ. போனால் தலைக்கு 1.99 நிற்கும். வேலையில் அரை அங்குலம் தப்பினாலும் உங்கள் ஊர் விதிக்குக் கீழே போய்விடலாம். அந்த அறையில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லுங்கள், 5 செ.மீ. திரும்பக் கிடைக்கும். துணிக்கடைக்காரர் தரை வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் பாட்டுக்கு மேலேயே ஒட்டிவிட்டால் போச்சு. சாய்தளத்தின் மேல்முனை மட்டத்தையும் அந்தப் புதுத் தரையை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.